வீட்டுக்குள் கரும்பச்சை பெயிண்ட் அடித்தால் அறை இருட்டாகிவிடுமா?

ஆகும். வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். கரும்பச்சை 10 சதவீதம் தந்தாலே பெரிது. அதனால் அந்த அறையில் எந்த நேரத்தில் உட்காரப் போகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். ராத்திரியில் படிக்க, தூங்க என்றால் தயங்காமல் அடிக்கலாம். பகல் முழுக்க வேலை பார்க்கும் அறை, ஜன்னலும் சிறியது என்றால் நான் அடிக்க மாட்டேன்.

என் படிக்கும் அறைக்கு நானே அடித்தேன். முதல் கோட் காய்ந்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. திட்டுத் திட்டாக, அடியிலிருந்த வெள்ளை எட்டிப் பார்த்தது. வெளிர் நிறங்களில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி நிறைய இருக்கும்; அடியில் உள்ளதை மறைப்பது அதுதான். அடர் நிறங்களில் அது குறைவு. இரண்டு கோட்டில் முடியும் என்று நினைத்தது நான்கில் போய் நின்றது. முதலில் சாம்பல் நிற ப்ரைமர் அடித்திருந்தால் ஒரு கோட்டாவது மிச்சமாகியிருக்கும்.

அப்புறம் லைட். பழைய 6500 கெல்வின் வெள்ளை பல்பைப் போட்டதும் பாசி பிடித்த தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. சுவரைத்தான் திட்டினேன், பாவம். 2700 கெல்வின் மஞ்சள் பல்புக்கு மாறி, கூரையில் ஒன்று என்பதை விட்டுவிட்டு முகத்தின் உயரத்தில் இரண்டு விளக்கு வைத்தேன். அதே பச்சைக்குக் கதகதப்பு வந்துவிட்டது. அறை இருட்டுதான், ஆனால் பிடித்த இருட்டு.

கடையில் தரும் சாம்பிள் கார்டு உள்ளங்கை அளவுகூட இருக்காது, அதை நம்பாதீர்கள். பெரிய அட்டை ஒன்றில் இரண்டு கோட் அடித்து, காலையிலும் ராத்திரியிலும் ஒவ்வொரு சுவராகச் சாய்த்து வைத்துப் பாருங்கள். நீலம் கலந்த பச்சை மஞ்சள் பல்பின் மங்கலான வெளிச்சத்தில் கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரியலாம். மஞ்சள் கலந்தது அவ்வளவு மோசமில்லை.

சின்ன அறையில் ஒரு சுவருக்கு மட்டும் அடித்தால் போதும் என்பார்கள். எனக்கு அது ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரிகிறது. நான்கு சுவருக்கும், கதவுக்கும் சேர்த்து அடித்தால் மூலை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அறை சிறியது என்பதே மறந்துபோகும்.

பச்சை பெயிண்டில் விஷம் உண்டு என்று யாராவது பயமுறுத்தலாம். அது பழைய கதை. 1775-ல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற வேதியியலாளர் உருவாக்கிய பச்சையில் ஆர்சனிக் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அதைச் சுவர்க் காகிதங்களிலும் பயன்படுத்தினார்கள். இன்று வீட்டுச் சுவருக்கு வாங்கும் பச்சையில் அது கிடையாது.

பளபளப்பே இல்லாத மேட்டா, லேசாகப் பளபளக்கும் சாட்டினா? மேட் சுவரின் மேடு பள்ளத்தை மறைக்கும், ஆனால் கை பட்ட இடமெல்லாம் வெளுத்த தடமாகத் தெரியும். சாட்டினைத் துடைக்கலாம், பட்டி சரியாகப் பார்க்காத சுவர் என்றால் மானத்தை வாங்கிவிடும். நான் மேட் அடித்தேன். சுவிட்சைச் சுற்றி இப்போது ஒரே தடம். அந்த இடத்தில் மட்டும் தொட்டு அடித்தால் ஒட்டு தனியாகத் தெரியும், மூலைக்கு மூலை முழுச் சுவரும் அடிக்க வேண்டும். அதற்குப் பெயிண்டின் நிற எண் வேண்டும். டப்பாவைத் தூக்கிப் போடும் முன் எழுதி வையுங்கள். நான் எழுதவில்லை.