பட்டாவுக்கு ‘செலவு’ கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: அப்பா இறந்தபிறகு அவர் நிலத்தை என் பெயருக்கும் தம்பி பெயருக்கும் பட்டா மாற்றக் கேட்டு மனு கொடுத்து நாலு மாதம் ஆகிறது. “கொஞ்சம் கவனிச்சீங்கன்னா ஒரே வாரம்” என்கிறார்கள். “எட்டாயிரத்தைக் கொடுத்துத் தொலை, ஊர்ல யாரு கொடுக்காம இருக்காங்க” என்று தம்பி தினமும் சண்டை போடுகிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான்தான் பிழைக்கத் தெரியாதவளா?

பதில்: இல்லவே இல்லை சகோதரி. அதற்காகத் தம்பியைத் திட்டவும் வேண்டாம். ஒவ்வொரு நடைக்கும் ஒருநாள் சம்பளத்தை விடுகிற ஆளுக்கு எட்டாயிரம் மலிவாகத்தான் தெரியும். நிலம் ஏற்கெனவே உங்களுடையது, அவர்கள் பிடித்து வைத்திருப்பது உங்கள் நேரத்தை, அதற்குத்தான் விலை கேட்கிறார்கள். கொடுக்கமாட்டேன் என்றால் இன்னும் சில மாதம் அலைய வேண்டியிருக்கும் என்று தெரிந்தே இறங்குங்கள், யார் அலைவது என்பதையும் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் காகிதங்களைப் பாருங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருக்கிறதா? ஏதாவது குறை இருந்தால் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள், அந்தக் குறையை வைத்துத்தான் பேரம் நடக்கும். நிலத்தைப் பிரித்துத் தனித்தனிப் பட்டா கேட்டிருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதற்கு அரசுக் கட்டணம் உண்டு, ரசீதும் உண்டு. அதைத் தாராளமாகக் கட்டுங்கள்.

அப்புறம், வாய்வார்த்தையாகக் கேட்பதை நிறுத்திவிட்டு எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, என் மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் போனது, அவர் என்ன குறிப்பு எழுதினார், அந்தக் குறிப்பின் நகல் வேண்டும் என்று கேட்டால் 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். பல ஃபைல்கள் இந்த மனு போனதுமே நகர்ந்துவிடுகின்றன, ஏனென்றால் “சும்மா வைத்திருந்தேன்” என்று யாரும் எழுதிக் கையெழுத்துப் போடமுடியாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் ஒரு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.

“நாம நேரா கொடுக்கவேண்டாம், புரோக்கர் பார்த்துக்குவார்” என்று அடுத்து ஒரு யோசனை வரும். சட்டம் அதையும் லஞ்சம் என்றுதான் பார்க்கிறது. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபிறகு, கொடுப்பவருக்கும் 7 வருடம் வரை சிறை உண்டு. வேறு வழியில்லாமல் கட்டாயத்தில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் விலக்கு உண்டு. உயிர் போகிற அவசரத்தில் ஆஸ்பத்திரியில் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தவரை நான் குறைசொல்லமாட்டேன், இந்த விலக்கே அந்த மாதிரி ஆட்களுக்காகத்தான். ஹெல்மெட் போடாமல் மாட்டிக்கொண்டு அபராதத்துக்குப் பதிலாக நூறு ரூபாயை நீட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து நாடு கெட்டுப்போச்சு என்று பேசுகிறவர்கள் வேறு ரகம். உங்கள் தெருவிலும் இருப்பார்கள்.

புகார்தான் என்று முடிவெடுத்தால், பணம் கைமாறுவதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். கேட்டது யார், என்றைக்கு, எவ்வளவு என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஏனென்றால் அவர் கேட்டார் என்பதை நிரூபிக்காமல் வழக்கு நிற்காது. நீங்கள் கொடுக்கப்போகும் ரூபாய் நோட்டுகளில் அந்தத் துறையினர் பினாப்தலின் என்ற ரசாயனப் பொடி தடவித் தருவார்கள், வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் ரோஸ் நிறமாகும். டிவி செய்தி அதோடு முடிந்துவிடும். உங்களுக்கு அதோடு முடிந்துவிடாது, நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும், வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். அதற்கு உங்கள் வீட்டுச் சூழ்நிலை இடம் தரவில்லை என்றால் தகவல் உரிமை மனுவோடு நின்றுகொள்ளுங்கள். அதுவும் நடக்காமல் மனுவை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.