கேளுங்கள், சொல்கிறேன்: லேடி பட்லரின் வீட்டுக்காரர்

கேள்வி: தாத்தா வீட்டுக் கூடத்தில், பனியில் துவண்டு நிற்கும் சிப்பாய்கள் படம் ஒன்று மாட்டியிருக்கும். லேடி பட்லர் வரைந்ததாம். அவருடைய கணவரும் ராணுவமா? (ஒரு வாசகர், குன்னூர்)

பதில்: ஆமாம். பெயர் வில்லியம் பிரான்சிஸ் பட்லர். பட்லர் என்றதும் துரை வீட்டுச் சமையலறையை நினைத்துவிடாதீர்கள். இவர் தளபதி வரை போனவர். 1838-ல் அயர்லாந்தின் டிப்பரெரியில், ஓரளவு நிலம் வைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். 1858-ல் 69-வது ரெஜிமென்டில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். அப்புறம் நம் மெட்ராஸிலும் இருந்திருக்கிறார்.

கெட்டிக்காரர், ஆனால் கையில் காசில்லை. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் ராணுவத்தில் பதவியை விலை கொடுத்து வாங்க வேண்டும். காலாட்படையில் லெப்டினன்ட் பதவி 700 பவுண்டு, கேப்டன் பதவி 1,800 பவுண்டு. இது அரசாங்க விலைதான். மேலே கொடுப்பது தனி. பின்னால் வந்தவனெல்லாம் பணத்தைக் கட்டிவிட்டு இவரைத் தாண்டிப் போனான். 1871-ல் அந்த வியாபாரம் ஒழிந்தது, 1872-ல்தான் இவர் கேப்டன் ஆனார்.

அதற்குள் கனடாவில் பெயர் வாங்கிவிட்டார். 1870-ன் கடைசியில் கிளம்பி, குதிரையிலும் நாய் வண்டியிலும் 119 நாளில் 2,700 மைல் சுற்றினார். அதை எழுதிய புத்தகம் நன்றாக விற்றது. என்னைக் கேட்டால், அவருடைய பதக்கங்களைவிட அந்தப் பனிப் பயணம் பெரிது.

கேள்வி: மனைவிக்கு இருந்த புகழ் கணவருக்கு இல்லையே? (அதே வாசகர்)

பதில்: எப்படி இருக்கும்? லேடி பட்லர், அதாவது கல்யாணத்துக்கு முந்திய எலிசபெத் தாம்சனின் அந்தப் படம் 1874-ல் லண்டனின் ராயல் அகாடமி ஓவியக் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, கூட்டத்தைத் தள்ளி நிறுத்த போலீஸ்காரர் நிற்க வேண்டியிருந்தது. படத்தை வாங்கியதோ விக்டோரியா மகாராணி! கல்யாணம் 1877-ல்தான். 1879-ல் அகாடமி உறுப்பினர் தேர்தலில் அந்த அம்மா இரண்டே ஓட்டில் தோற்றார். பிள்ளைகள் ஆறு பேர். ஒன்று சின்ன வயதிலேயே போய்விட்டது. கணவருக்கு மாற்றலாகும் ஊருக்கெல்லாம் தூரிகையும் கூடவே போனது.

கேள்வி: அயர்லாந்துக்காரர் வெள்ளைக்கார சர்க்காருக்கு எப்படி விசுவாசமாக இருந்தார்? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: அதுதான் வேடிக்கை. சிறுவனாக இருந்தபோது ஊரில் குத்தகைக் குடியானவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றுவதைக் கண்ணால் பார்த்தவர். வாசலில் பெண்டுபிள்ளைகள் அழ, ஆட்கள் கடப்பாரையால் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். கையில் துப்பாக்கி இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தைச் சுட்டிருப்பேன் என்று கிழவரான பிறகும் எழுதினார். அதே மனிதர் பிரிட்டனுக்காக மேற்கு ஆப்பிரிக்காவின் அஷாந்தியிலும் எகிப்திலும் போய்ச் சண்டை போட்டார். மனசு ஒரு பக்கம், சம்பளம் ஒரு பக்கம். எனக்கு இது உறுத்துகிறது; பூசி மெழுக மாட்டேன்.

ஆனால் 1899-ல் தென்னாப்பிரிக்காவில் படைத்தலைவராக இருந்தபோது, போயர்களோடு (அங்கே குடியேறிய டச்சு வம்சத்தவர்) போர் வேண்டாம் என்று மேலிடத்துக்கு முகத்துக்கு நேரே சொன்னார். பதவியை விட வேண்டியதாயிற்று. லண்டன் பத்திரிகைகள் கிழித்தெடுத்தன. சில மாதத்தில் போர் வெடித்தது.

மனைவியும் ஒருமுறை வெற்றி முழக்கத்தை விட்டு இறங்கினார். அயர்லாந்தின் விக்லோ மலைப்பக்கம் ஒரு குடும்பத்தை வெளியேற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். வீட்டின் இடிபாடு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. ஒரு பெண் சாம்பலைக் கிளறி மிச்சமீதியைத் தேடிக்கொண்டிருந்தாள். 1890-ல் அதையே வரைந்து அகாடமிக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் பிரதமர் சாலிஸ்பரி அகாடமி விருந்து மேடையில், படத்தில் இயற்கை இவ்வளவு அழகாக இருக்கிறதே, நானும் ஒரு வெளியேற்றத்துக்குப் போகலாம் போலிருக்கிறது என்று ஜோக்கடித்தார்.

பட்லர் 1910-ல் டிப்பரெரியிலேயே, பான்ஷாவில் காலமானார். பாதியில் நின்ற சுயசரிதையை மகள் ஐலீன் முடித்து அடுத்த வருஷம் வெளியிட்டார். எலிசபெத் 1933 வரை இருந்தார். கடைசிக் காலம் அந்த மகள் வீட்டில்தான்.