எம்.ஆர்.ஐ.யில் ஃபசேகாஸ் 2, அப்பா எதிலும் ஒட்டாமல் இருக்கிறார்: பதில்

71 வயது அப்பா நாள் முழுக்க நாற்காலியிலேயே இருக்கிறார், வருத்தமும் இல்லை, மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் மாத்திரை தொடங்கி இரண்டு மாதமாகியும் மாற்றமில்லை என்கிறீர்கள். இது மனச்சோர்வைவிட நாட்டமின்மை (எதிலும் ஆர்வமோ உந்துதலோ எழாத நிலை) போலத்தான் தெரிகிறது. அழுகை, குற்றவுணர்வு, சாவைப் பற்றிய பேச்சு இருந்தால் மனச்சோர்வு. இரண்டும் சேர்ந்தும் வரும்.

ஃபசேகாஸ் என்பது மூளை எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் வெள்ளைத் திட்டுகள் எவ்வளவு என்று சொல்லும் அளவு, 0 முதல் 3 வரை. 2 என்றால் அந்தத் திட்டுகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கிவிட்டன. பெரும்பாலும் நுண்ரத்தக் குழாய்ப் பாதிப்புதான் காரணம். முன்மூளையை உள்மூளையோடு இணைக்கும் இழைகள் பழுதானால், ஒரு வேலையைத் தொடங்கும் உந்துதலே எழாது. சோம்பேறித்தனம் என்று தயவுசெய்து திட்டாதீர்கள். அதே அளவு திட்டுகளோடு நன்றாக இருப்பவர்களும் உண்டு. படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

எஸ்சிட்டலோபிராம் வகை மாத்திரை சிலருக்கு நாட்டமின்மையைக் கூட்டும், முதியவர்களுக்குச் சோடியத்தையும் குறைக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் இதைச் சொல்லி சோடியம், தைராய்டு, பி12 பார்க்கக் கேளுங்கள்.

ரத்த அழுத்தம்தான் முக்கியம். 7 நாள், காலையும் மாலையும், 5 நிமிடம் உட்கார்ந்தபின் ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை எடுத்து எழுதிக் கொண்டுபோங்கள். வந்த திட்டுகள் பெரும்பாலும் மறையாது. அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் புதியவை வருவது குறையும்.

"நடக்கப் போகலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்பார். தினமும் ஒரே நேரத்தில் செருப்பை எடுத்து வைத்து, "வாங்கப்பா" என்று கூடவே கிளம்புங்கள்.

திடீரென வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.