ஆன்லைன் வகுப்பில் மாணவர்களின் எழுத்துப் பதில்களை வாங்க கூகுள் ஃபார்ம் போதுமா?

வாங்கி வைக்க மட்டும் என்றால் போதும். படித்து, திருத்தி, எழுதியவர் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் போதாது.

நீங்கள் புதிதாக ஆன்லைன் வகுப்பு எடுக்கிறீர்கள், கூட இருப்பவர்கள் ‘ஒரு ஃபார்ம் போட்டு லிங்க் அனுப்பிடுங்க’ என்று சொல்லியிருப்பார்கள் என நினைக்கிறேன். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். நான் கட்டுரை எழுதப் பழக்குகிறவள். முதல் பருவம் முழுக்க ஃபார்ம்தான். ஒரு மாணவருக்கு ஷீட்டில் ஒரு வரிசை. நான்கு பத்தி எழுதியவருக்கும் நான்கு வார்த்தை எழுதியவருக்கும் அதே ஒரு கட்டம். நன்றாக எழுதும் மாணவி ஒருத்தி, “மிஸ், நாங்க அனுப்புறதை யாராவது படிக்கிறீங்களா?” என்று கேட்டாள். படித்துக் குறிப்பும் எழுதியிருந்தேன். அது பக்கத்துக் கட்டத்தில், என் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி இருந்தது. அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

‘க்விஸ் முறைக்கு மாற்றினால் கருத்து அனுப்பலாமே’ என்று யாராவது சொல்வார்கள். அனுப்பலாம், தெரியும். ஆனால் மொத்தப் பதிலுக்கும் கீழே ஒரு கருத்து, அவ்வளவுதான். இந்த வாக்கியம் ஏன் தடுமாறுகிறது என்று அந்த வாக்கியத்தின் மேலேயே காட்ட முடியாது. மாணவர் அங்கேயே பதில் சொல்லவும் முடியாது.

அடுத்த பருவத்தில் கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறினேன். ஒரே கூகுள் டாக்ஸ் கோப்பை ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதியாகக் கொடுக்கலாம். வரிக்குப் பக்கத்திலேயே கருத்து எழுதலாம். அதே மாணவி என் கருத்துக்குக் கீழே வாதாடினாள், பத்தியைப் பிரித்து மறுபடி எழுதினாள். அப்போதுதான் அது எழுத்து வகுப்பு போல இருந்தது. உங்கள் நிறுவனத்தில் மூடுல் (Moodle) என்ற ஆன்லைன் வகுப்புத் தளம் வைத்திருந்தால், அசைன்மென்ட்டில் மாணவர் அங்கேயே எழுதி அனுப்பும் ‘ஆன்லைன் டெக்ஸ்ட்’ வகையை வையுங்கள். கலந்துரையாடல் வேண்டும் என்றால் அதன் கேள்வி-பதில் ஃபோரம் நல்லது: தன் பதிலைப் போட்ட பிறகுதான் மற்றவர் பதில் தெரியும் என்பதால், பார்த்து எழுதுவது குறையும்.

டாக்ஸ் எனக்கு இன்னொரு விதத்திலும் கைகொடுத்தது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பையனின் கட்டுரை ‘ஏஐ எழுதியது’ என்று ஏதோ கண்டறியும் மென்பொருள் சதவீதம் போட்டுவிட்டது. நிர்வாகம் அவனிடம் விளக்கக் கடிதம் கேட்டது. டாக்ஸின் பதிப்பு வரலாற்றைத் திறந்தால், அவன் அடித்து அடித்து எழுதியது நேரத்தோடு இருக்கிறது! சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் குறைவு என்று சொல்லி 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அப்படியிருக்க, ஒரு சதவீதத்தை நம்பி ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. நகலடிப்பதை ஆதரிக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதிய வழியைப் பாருங்கள் என்கிறேன்.

ஃபார்ம் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வகுப்பு முடிவில் ‘இன்று எது புரியவில்லை?’ என்று இரண்டு வரி கேட்க அதைவிட வேகமானது இல்லை, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் கூகுள் கணக்கில் நுழையாமல் நிரப்பினால் பாதியில் எழுதியது வரைவாகச் சேமிக்கப்படாது. கோப்பு இணைக்கும் கேள்வி வைத்தால் கணக்கு இல்லாதவர்களால் அனுப்பவே முடியாது. உங்கள் மாணவர்கள் பெரும்பாலும் மொபைலில் எழுதுகிறவர்கள் என்றால் இந்த இரண்டையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.