மேட்டில் விழும் ஜங்கஸ் புள்ளிகள்: நீக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் தெற்கு யூட்டா பள்ளத்தாக்குகளில் எடுத்த ஜங்கஸ் டோரேயி என்ற ஈரநிலச் செடியின் ஹெர்பேரியம் (உலர்த்திய செடிகளின் காப்பகம்) பதிவுகளை இறக்கினேன். வரைபடத்தில் பல புள்ளிகள் வறண்ட மேட்டு உச்சியில் விழுகின்றன. நீக்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு நீக்காதீர்கள். ஊற்றங்கரை, பாறைக் கசிவு, ஓடைக்கரை இல்லாமல் இந்தச் செடி நிற்காது. மேட்டில் விழுந்தது, பின்னாளில் யாரோ கணினியில் ஏற்றிய புள்ளி.

பழைய லேபிள்களில் பெரும்பாலும் அமெரிக்க நில அளவைக் கட்டங்களான டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் எண்கள்தான் இருக்கும். ஒரு செக்‌ஷன் என்பது 1 மைல் சதுரம். அதன் நடுவில் புள்ளி வைத்தால் உண்மையான இடம் 1.1 கிலோமீட்டர் வரை தள்ளியிருக்கலாம். செங்குத்துப் பள்ளத்தாக்கில் அந்தத் தூரத்துக்குள் அடிவாரமும் உண்டு, உச்சியும் உண்டு.

ஷீட்டின் (செடியை ஒட்டிய தாளின்) படத்தைத் திறந்து லேபிளில் உள்ள உயரத்தைப் பாருங்கள். 4200 அடி என்றிருந்தால், அதே செக்‌ஷனுக்குள் 4200 அடிக் கோட்டில் ஊற்று எங்கே என்று நிலவரைபடத்தில் தேடுங்கள். புதிய இடத்தைத் தனிப் பத்தியில் எழுதி, பிழை எல்லையை மீட்டரில் குறியுங்கள். பழையதை அழிக்க வேண்டாம். அடியை மீட்டர் பத்தியில் ஏற்றிவிடுவதும் நடக்கிறது. 4200 மீட்டர் என்று கண்டால் சந்தேகமே வேண்டாம்: யூட்டாவின் உயரமான சிகரம் கிங்ஸ் பீக்கே 4123 மீட்டர்தான்.

ஏரித் தண்ணீருக்குள் விழும் புள்ளி வேறு கதை. க்ளென் கேன்யன் அணை 1963இல் நீரைத் தேக்கத் தொடங்கியது. அதனால் உருவான பவல் ஏரி 1980இல் நிரம்பியது. நீர் தேங்கும் முன் அந்தப் பக்கத்து ஓடைகளில் எடுத்த மாதிரி இன்று நீருக்குள் விழுவதுதான் சரி. நிறைமட்டம் 3700 அடி. லேபிளின் ஆண்டு 1963க்கு முந்தையது, உயரம் 3700 அடிக்குக் கீழ் என்றால் அந்தப் பதிவைத் தொடவே தொடாதீர்கள். நிலத்தில் மட்டும் இருக்கட்டும் என்று வடிகட்டும் நிரல் முதலில் தூக்கி எறிவது இவற்றைத்தான். இனி யாரும் போய்த் திரும்ப எடுக்க முடியாத மாதிரிகள் அவை!

'சுத்தம் செய்த தரவு' என்று காசுக்கு விற்பவர்களிடம் போகாதீர்கள். ஹெர்பேரியம் பதிவுகளைத் தரும் சைநெட் (SEINet) இணையதளத்தில் எல்லாம் இலவசம். விற்பவர்கள் செய்வது ஆயத்தொலைவு இல்லாத வரிகளை வெட்டுவது மட்டுமே. நல்ல பழைய பதிவுகள் அதில்தான் போகின்றன. ஒரே சேகரிப்பாளர், ஒரே எண், ஒரே தேதி என்றால் அது ஒரே மாதிரியின் பிரதிகள். மூன்று ஹெர்பேரியங்கள் மூன்று இடத்தில் புள்ளி வைத்திருக்கும். ஒன்றாகவே எண்ணுங்கள்.

பெயரையும் சரிபாருங்கள். டோரேயியின் பூந்தலை 1 முதல் 1.5 செ.மீ. உருண்டை; வெளி இதழ்கள் உள் இதழ்களைவிட நீளம். ஜங்கஸ் நோடோசஸில் இரண்டும் ஏறக்குறைய சமம், தலையும் சிறிது. பூவும் காயும் இல்லாத ஷீட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிழை கண்டால் ஹெர்பேரியத்துக்குப் ஷீட்டின் பட்டைக் குறியீட்டு (பார்கோடு) எண்ணோடு எழுதுங்கள். திருத்த ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும். பொறுப்பாளர் பணியிடங்களை நிரப்பாமல் ஸ்கேனர் மட்டும் வாங்கித் தந்தால் இப்படித்தான் ஆகும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் எழுதுங்கள்.