பழைய ஃபியட் காருக்கு நம்பகமான ரீபில்ட் என்ஜின் எங்கே வாங்கலாம்?

வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் இருக்கும் என்ஜினையே கழற்றி வேலை பாருங்கள். அப்பா ஓட்டிய வண்டி ஷெட்டில் நிற்கிறது, மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்களுடையது 1968 ஃபியட் 1100 டிலைட், 1089 சிசி. புகை தள்ளி, ஏற்றத்தில் இழுக்காமல் போனதும் ஆளாளுக்குச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையைக் கைகாட்டினார்கள். அங்கே ஒரு கடையில் வெள்ளி பெயின்ட் பளபளக்க ஒரு ‘ஃபுல் வேலை பார்த்த’ என்ஜின் இருந்தது. என்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். “கேஸ்கெட் புதுசு சார், கழட்டினா வீணாயிடும்.” சரி, போர் (சிலிண்டர் துவாரம்) அளவு என்ன, கிராங்க் எத்தனை அண்டர்சைஸ், அதாவது அந்தத் தண்டை எவ்வளவு தேய்த்துச் சிறிதாக்கியிருக்கிறீர்கள் என்றேன். பதில் வரவில்லை. கிளம்பிவிட்டேன். ரெடி என்ஜின் விற்பவர்கள் எல்லாரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. புதுப்பேட்டையில் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அளவு சொல்லத் தெரியாதவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வேலை நடந்தது கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில். “மொதல்ல பிஸ்டனை வாங்கிட்டு வாங்க தம்பி, அதை அளந்துட்டுத்தான் போர் அடிக்கோணும்” என்றார் பெரியவர். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் பிடித்து, தலையில் மார்க்கரால் நம்பர் எழுதி, அதற்கேற்ப அந்தந்த சிலிண்டரை அடித்தார். பிஸ்டன் ரிங்கை போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்த்தார். சிலிண்டர்கள் இருக்கும் உடலான பிளாக்கின் ஆயில் துவாரப் பிளக்குகளைப் பிடுங்கி ஏர் அடித்தபோது கறுப்புச் சேறோடு இரும்புத் தூளும் வந்து விழுந்தது. அதை உள்ளே விட்டு மூடியிருந்தால் புது பேரிங்கை அரித்துத் தின்றிருக்கும். பளபளக்கும் அந்தக் கடை என்ஜினில் இதைச் செய்திருப்பார்களா? சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் அலுமினியம், ஒருமுறை ஹீட் ஆனாலே வளையும். அடிப்பரப்பு சமமாக இருக்கிறதா என்று லெவல் பார்க்காமல் கேஸ்கெட் போட விடாதீர்கள்.

‘டீசல் என்ஜின் தூக்கிப் போட்டால் போச்சு’ என்று யாராவது கருத்து போடுவார்கள். என்ஜினை மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதோடு, 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி 50 வருடம் தாண்டிய, அசல் நிலை மாறாத வண்டிகளுக்குத்தான். சொந்த பிளாக்கைக் காப்பாற்றச் சொல்வது வெறும் பாசத்தால் இல்லை.

முதல் 500 கி.மீ.யில் ஆயிலை மாற்றுங்கள், 1,000 வரை விரட்டாதீர்கள். இன்னொன்று. வண்டி ஓட ஆரம்பித்ததும் சொந்தக்காரர்கள் கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்பார்கள். எங்கள் வண்டியின் பானெட்டில் மாப்பிள்ளையை உட்காரவைத்து போட்டோ எடுத்தார்கள், தகடு அமுங்கிவிட்டது. ‘பழைய வண்டிதானே’ என்றார்கள். இன்றுவரை ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.