ஈராக்கில் குர்துகளின் தன்னாட்சி என்றால் என்ன? அரபுகளோடு ஏன் உரசல்?

தன்னாட்சி என்றால், தனி மொழி பேசும் இனமான குர்துகளுக்கு ஈராக்குக்குள்ளேயே சொந்தப் பாராளுமன்றம், பெஷ்மெர்கா என்ற சொந்தப் படை. எர்பில், சுலைமானியா, தஹோக் பகுதிக்கு 2005 அரசியலமைப்பு இதை உறுதி செய்தது.

சிக்கல் இந்தத் தன்னாட்சிப் பகுதியின் எல்லை எது என்பதில்தான், அதிலும் எண்ணெய் வளமுள்ள கிர்குக்கில். சதாம் ஆட்சி அங்கிருந்த குர்துகளை விரட்டிவிட்டு அரபுக் குடும்பங்களைக் குடியேற்றியது. 2003 போருக்குப் பின் விரட்டப்பட்டவர்கள் திரும்பினார்கள். பறித்த வீட்டை வேறொருவருக்குக் கொடுத்தது போலத்தான் இது: உரியவர் வந்து கதவைத் தட்டினால், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை திறக்கிறது. இருவர் வலியும் உண்மை. கிர்குக் தன்னாட்சிப் பகுதியில் சேருமா என்று 2007-க்குள் வாக்கெடுப்பு நடத்த அரசியலமைப்பின் 140-ஆவது பிரிவு சொன்னது, நடக்கவே இல்லை. 2014-இல் பெஷ்மெர்கா பிடித்த கிர்குக்கை 2017 அக்டோபரில் பாக்தாத்தின் மத்திய அரசு மீட்டது.

அப்புறம், பலர் நினைப்பதுபோல் இது மதச் சண்டை இல்லை. இரு தரப்பிலும் பெரும்பாலோர் முஸ்லிம்களே.